விறகு எரியல, அவுரு வரல

பத்திகினு எரிய வோணாம்மே, ஒரு பேச்சுக்காவது எரியலாமில்ல? ஊதறேன் ஊதறேன், நெஞ்சு எரியுது, கண்ணு எரியுது, கட்ட மட்டும் எரியல! இந்தா, கோணியில போட்டு கையோட எடுத்துகினு வந்துட்டேன். வாயால சொன்னா எவனும் நம்பறதில்ல பாரு. நாலு கட்ட. நாலும் உங்க தொட்டி சவுக்கு. மோந்து பாரு... ஐய, மோந்து பாரேன், கடிச்சிடாது. ஈர வாட வருதா இல்லியா? இதுக்கு பேரு காஞ்ச விறகா? விறகு தொட்டின்னு போர்டு மாட்டிகினு உள்ள கீரையா விக்கறீங்க?

அண்ணாச்சி எங்க? கல்லாவுல அவுரு தான குந்திகினு இருப்பாரு... கண்ணாலமா? ஊருக்கா போய்க்கீறாரு? எப்ப வருவாரு?... நாளக்கயிச்சியா! நல்லா போச்சி. எனக்கு இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள ஒரு வயி தெரியணும், அவுரு நாளக்கயிச்சி வந்து இன்னா பண்றது? நீ யாரும்மா, மருமவளா? பேரு?... ஹெப்சிபா. நல்லா கீது. வந்து ஒரு மாசம் தான் ஆவுதா? அதான் என்ன பாத்து பயப்படாம நிக்கற. உன் மாமனாருகிட்ட தேரடி கெங்கம்மான்னு சொல்லிப்பாரு, சடக்குனு எழுந்து நிப்பாரு. மரியாதையில இல்ல. எந்த பக்கமா ஓடலாம்னு பாக்கறதுக்கு.

இல்ல, நான் குந்த வரல. நியாயம் கேக்க வந்தேன்... சரி, அந்த ஸ்டூல இப்டி போடு. இரு இரு, தொடச்சிக்கறேன். யம்மாடி, இன்னா தூசி!

விசயம் இன்னான்னா, எங்கூட்டுக்காரு வூட்ட வுட்டு போய்ட்டாரு.

ஐய, வாய பொத்திக்காத, நீ நெனைக்கற மாரி இல்ல. அவுரு தங்கச்சி வூட்டுக்கு போய்க்கீறாரு. விம்கோ நகரு. எதுக்கு? வெந்நிக்கு! ஒரு பக்கெட்டு வெந்நிக்கு கட்ன பொண்டாட்டிய வுட்டுட்டு, தோள்ல துண்ட போட்டுகினு மெட்ரோ ஏறி போய்க்கீறாரு பரசுராமன். இன்னியோட அஞ்சி நாளு. முப்பத்திரெண்டு வருசம் குடும்பம் பண்ணிட்டு, எங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சிருந்தது வெந்நி தான்னு இப்ப தான் கண்டுபுடிச்சிகீறேன்.

ஆர்பர்ல இருவத்தஞ்சி வருசம் மூட்ட தூக்கின ஒடம்பு அது. அப்பல்லாம் ஒண்ணும் ஆவல. போன மாசம் வெளக்கமாறு எடுக்க குனிஞ்சாரு, அவ்ளோ தான், நிமிரல. இடுப்பு புடிச்சிகிச்சி. கட்டிலுக்கு அடியில பெருக்குன்னு நான் தான் சொன்னேன்... அத்த இப்ப எதுக்கு கேக்கற? ஓ, நீ கேக்கல. நானா தான் சொன்னேன். என் வாயி கீதே, அது எனக்கே எதிரி.

வைத்தியரு இன்னா சொன்னாரு தெரியுமா? காலையில சாயங்காலம் எண்ண தேச்சி, பொறுக்கற சூட்ல ஒரு அண்டா வெந்நி ஊத்தணும். ஊத்தின பிற்பாடு இரும்பு சட்டியில கங்கு அள்ளி வெச்சி, இடுப்புக்கு அனல் காட்டணும். நாப்பத்தெட்டு நாளு. நடுவுல ஒரு நாளு ஜில்லு தண்ணி பட்டுதோ, மறுபடியும் ஒண்ணு ரெண்டுன்னு மொதல்ல இருந்து எண்ணணும். இது மார்கழி மாசம் வேற. எங்க வூடு எங்க கீது சொல்லு? இந்தாண்ட கண்டெய்னர் லாரி போற ரோடு, அந்தாண்ட கடலு. வெடியற நேரத்துல காத்து வரும் பாரு, தோலுக்குள்ள பூந்து எலும்ப எண்ணிட்டு போவும். எனக்கே பல்லு தந்தி அடிக்குது, இடுப்பு புடிச்ச ஆளு இன்னா பண்ணுவாரு?

கரண்ட்டு ராடா? கீது, பரண் மேல கீது. ஒரு வாட்டி சுச்ச நிறுத்தாம, காஞ்சிதான்னு வெரல வுட்டு பாத்தேன். வூட்டு ஓனரு ராமசெல்வியக்கா மேல் வூட்ல இருந்து ஓடி வந்துது, நான் போட்ட சத்தத்துல. அன்னிக்கி ஏத்தினது தான் பரண் மேல. கேஸா? தெனம் ரெண்டு அண்டா கேஸ்ல காய வெச்சா சிலிண்டரு பத்து நாள்ல படுத்துக்கும், அப்பறம் சோத்த எதுல ஆக்கறது? எனக்கு விறகு தான் ஒத்து வரும். பின்னாடி சந்துல கல்லு அடுப்பு போட்டுகீறேன். அஞ்சாங்கிளாஸுக்கு மேல நான் படிக்கல கண்ணு, ஆனா கட்ட விசயத்துல எவனும் என்ன டபாய்க்க முடியாது. மாங்கட்ட வெச்சா பட்டாசு மாரி வெடிக்கும், கங்கு நிக்காது. முருங்க கட்ட காயிதம் மாரி, பத்துச்சி, போச்சி. வேலிகாத்தான் கங்கு நல்லா நிக்கும், ஆனா முள்ளு, கைய கியிச்சிடும். வெந்நிக்கும் அனலுக்கும் ஒரே கட்ட வோணும்னா சவுக்கு தான். ஒரு வருசம் காஞ்ச சவுக்கு. காஞ்சிதான்னு எப்டி பாப்ப, சொல்லு?... ஆங், கரீக்ட்டு. வெட்டு வாயில வெடிப்பு வுட்டிருக்கணும். பட்டைய நகத்தால கெளப்பினா தன்னால வரணும். ரெண்டு கட்டைய எடுத்து மோதினா டணார்னு மணி மாரி கேக்கணும். ஈர கட்டன்னா சொத்துன்னு சோத்து மூட்ட வியுந்த மாரி கேக்கும். பரவால்ல, உனுக்கு தெரியுது.

நான் அப்டி தான் வாங்கினேன். ஒண்ணு வுடாம நானே மோதி பாத்து பொறுக்கினேன். பாதி நாளு ஆச்சி. உன் மாமனாரு சிரிக்கறாரு, ‘யக்கா, மாப்ள பாக்க வந்த மாரில்லா பாக்கிய, வெறவுதான வாங்குதிய’ன்னு. நான் சொன்னேன், மாப்ள பாக்கும்போது எங்கப்பன் இந்த மாரி தட்டி பாத்திருந்தா நான் ஏன் அண்ணாச்சி உங்க தொட்டிக்கு வரப்போறேன்னு. அப்டி சிரிச்சிகினு ஏத்தி வுட்ட விறகு தான். உங்க மீன்பாடி வண்டிக்காரு தீனா கொணாந்து எறக்குனாரு. எறக்கும்போது சாயங்காலம் ஆயிடுச்சி. மேல இருந்து ஒரு கைப்பிடி எடுத்து அப்டியே அடுப்புல வெச்சேன்.

யம்மா, இன்னா எரிச்சலு! பொகையே இல்ல. ஒரே ஒரு தேங்கா நாரு தான் வெச்சேன், குப்புனு புடிச்சிகிச்சி. அண்டா தண்ணி கொதிச்சி மூடி ஆடுது. கங்கு பாரு, ரோசாப்பூ மாரி. சட்டியில அள்ளிகினு போயி, ஜன்னல தொறந்து வெச்சி, கட்டிலாண்ட வெச்சேன். மனுசன் குப்புற படுத்துகினு, ‘கெங்கா, ஒரு மாசத்துல இன்னிக்கி தான்டி இடுப்பு என்னுதுன்னு தோணுது’ன்னாரு. கெங்கான்னு கூப்ட்டாரு! வெளிய யாருக்கோ சொல்றாருன்னு நெனச்சி நான் திரும்பி பாக்கறேன். அந்த பேர வெச்சி கூப்ட்டு பதினஞ்சி வருசம் ஆவுது.

அது மொத நாளு. ரெண்டாம் நாளு காலையில வெச்சா, அடுப்பு இல்ல அது, கொசு மருந்து வண்டி! பொகை இப்டி சுருண்டுகினு வருது. கட்ட முனையில புஸ்ஸு புஸ்ஸுனு நொர தள்ளுது. தண்ணி வெதுவெதுங்குது, காய மாட்டேங்குது. கங்கு எங்க வரும்? கரிக்கட்ட தான் வருது, கருப்பா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு. அவுரு இருமறாரு. இரும இரும இடுப்பு புடிக்குது. இடுப்பு புடிக்க புடிக்க என்ன திட்றாரு. மூணாம் நாளு இன்னும் மோசம். ராமசெல்வியக்கா கொடியில காய போட்ட துணியெல்லாம் கருவாடு வாட. நாலாம் நாளு அவுரு துண்ட எடுத்துகினாரு. ‘பொகை நின்னா சொல்லி அனுப்பு, வரேன்’னாரு. அவ்ளோ தான். சண்ட கூட போடல. சண்ட போட்டிருந்தா பரவால்ல, அதுல எனக்கு பயக்கம் கீது.

அங்க கீறாளே அவுரு தங்கச்சி அன்புக்கரசி, என் நாத்தனா. அவளுக்கு குஜாலு. போன் பண்றா எனக்கு, ‘அண்ணி, எங்கூட்ல பொத்தான அமுக்கினா வெந்நி’ன்னு. நான் இன்னா, அமுக்க வோணாம்னா சொன்னேன்? ‘அண்ணனுக்கு பெட் ரூம் ஹீட்டரு வாங்கிகீறோம் அண்ணி, சும்மா கதகதன்னு கீது’ன்னு. நேத்து இன்னா சொன்னா தெரியுமா? ‘அண்ணன் சோஃபாவுல படுத்துகினு கஷ்டப்படறாரு, நாளைக்கி சாயங்காலம் ஒரு கட்டில் எடுத்துடலாம்னு கீறோம்’னு. கட்டிலு! சோஃபான்னா விருந்தாளி. கட்டில்னா குடித்தனம். புரியுதா உனுக்கு? கட்டில் வந்து எறங்கிடுச்சின்னா நாப்பத்தெட்டு நாளும் அங்க தான். பொங்கல் போயி, மாசி வந்து... புள்ளைங்க ரெண்டும் கண்ணாலமாயி போயிடுச்சிங்க. நான் தனியா பொங்க வெச்சி, தனியா பொங்கலோ பொங்கல்னு கத்தி, தனியா துன்னணும். தெருவுல எல்லாரும் பாப்பாங்க. ‘கெங்கம்மா பண்ண பேஜாருல அந்த மனுசன் தங்கச்சி வூட்டோட போய்ட்டாரு’ம்பாங்க. அதான் இன்னிக்கி சாயங்காலம்ன்றேன்.

அதனால உண்மைய சொல்லிடு. எடைக்கு தண்ணி ஊத்தினீங்க தான? ... அட, கோச்சிக்காத, கேக்கறேன். மேல வெச்சது காஞ்சிது, மொத நாளு எரிஞ்சிது. கீய வெச்சது ஈரம், ரெண்டாம் நாள்ல இருந்து எரியல. கணக்கு கரீக்ட்டா வருதில்ல? இல்லன்னா தீனா வயில எங்கியோ நிறுத்தி கட்டைய மாத்திகீறாரு. நான் பொறுக்கின கட்ட எனக்கு தெரியாதா! நேத்து அவுரு எங்க தெரு பக்கமா வண்டிய ஓட்டிகினு வந்தாரு. நிறுத்தி கேட்டுட்டேன். கேட்டேன்னா... கொஞ்சம் சத்தமா. கட்ட திருடன்னு ஒரு வார்த்த... ரெண்டு வாட்டி. அவுரு ஹாரன அடிச்சிகினு போய்ட்டாரு.

இன்னா கேக்கற? எங்க அடுக்கி வெச்சிகீறேனா? நல்லா கேட்ட. மாடிப்படிக்கு கீய. மேல ஓடு போட்ட மாரி படிக்கட்டு, மயை அடிக்காது. தரையிலயா? நான் இன்னா பைத்தியமா? செங்கல் வரிசையா வெச்சி, அது மேல பலக போட்டு, அது மேல அடுக்கிகீறேன். ஓதம் ஏறாது. சுவத்துல ஒட்டாம ஒரு சாண் வுட்டு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல காத்து போவ எடம் வுட்டு. மேல மட்டும் தார்பாயி, பக்கத்துல தொறந்து. பனியும் எறங்காது. நீயே வந்து பாரு, போட்டோ புடிச்சி மாட்டலாம் அத்த. எல்லாத்துக்கும் மேல, சுத்தம். அது மேல எல போட்டு சாப்புடலாம். அவ்ளோ சுத்தமா வெச்சிகீறேன்.

சுத்தம்னா? சுத்தம்னா சுத்தம் தான். இது இன்னா கேள்வி? உங்க ஊர்ல தூசி இல்லியா? எங்க பக்கம் வந்து பாரு. எண்ணூர் பக்கத்து காத்து வந்தா ஒரு கருப்பு தூசி, மை மாரி. லாரி போனா ஒரு செவப்பு தூசி. காலையில தொடச்ச ஜன்னல்ல மத்தியானம் கோலம் போடலாம். நான் வுடுவேனா? எங்கூட்ல சிலிண்டரு குளிக்கும், செருப்பு குளிக்கும், தொடப்பம் கூட வெள்ளிக்கெயம குளிக்கும். அந்த மொத நாளு விறகு எரிச்சேனில்ல, மறுநா காலையில பாக்கறேன், என் கையெல்லாம் கருப்பு. அண்டா தண்ணியில ரெண்டு கருப்பு புள்ளி மெதக்குது. அந்த தண்ணியவா வைத்தியம் பண்ற ஒடம்புக்கு ஊத்தறது? தீட்டு மாரி ஆயிடுச்சி எனக்கு. கட்ட பூரா எறக்கி, சந்துல போட்டு, ஓசு புடிச்சி...

இன்னா?

ஓசு. பச்ச ஓசு. பதினஞ்சி மீட்டரு, குயாயில மாட்டிகினா சந்து பூரா வரும். அத்த புடிச்சி நல்லா அடிச்சி, தேங்கா நாரு போட்டு தேச்சி, கயுவி... ஒரு நாளா? தூசி ஒரு நாளா வருது? தெனிக்கும் தான். காலையில ஒரு வாட்டி. சாயங்காலம் காத்து மாறும், அப்ப ஒரு வாட்டி. அப்பறம் அடுப்புல வெக்கறதுக்கு மின்னாடி சும்மா ஒரு அலசு...

இன்னா அப்டி பாக்கற? ஏன் திரும்பிக்கற? சிரிக்கிறியா நீ? தோள் ஆடுது, எனக்கு தெரியாதா! கட்ட வெளிய தான நனையுது, உள்ள காஞ்சி தான கீது... உள்ள போவுமா? வெடிப்பு வயியாவா? அந்த வெடிப்பு... காஞ்ச கட்டன்னா தான் வெடிப்பு வுடும்னு நான் தான சொன்னேன். காஞ்ச கட்ட தான் நல்லா குடிக்குமா? தாகமா இருந்த மாடு மாரியா?

இரு. கொஞ்சம் இரு. பேசாத.

நீ எங்க பேசற, நான் தான் பேசிகினு கீறேன்.

ஆறு நாளு. தெனிக்கும் மூணு வாட்டி. கரியாவ போற கட்டையில இருந்து கரி தூசிய கயுவிகீறேன் நான். ஐயோ, ஐயோ. எடைக்கு தண்ணி ஊத்தறீங்கன்னு உங்கள கேட்டேனே! நீங்க ஊத்தி இருந்தா ஒரு வாட்டி ஊத்தி இருப்பீங்க. உங்க பக்கத்துல இருக்கறவங்க யாராவது கேட்டிருந்தா என் மொகத்த எங்க வெச்சிக்கறது... யாரு அது, அந்த தராசாண்ட? ஓ, பூனையா. அது பரவால்ல.

அதுவும் நான் தனியா முட்டாளா இருந்தேனா? இல்ல. சொன்னாரு. அவுரு சொன்னாரும்மே. இப்ப தான் காதுல வியுது. நான் மொத வாட்டி சந்துல குந்திகினு கட்டைய தேச்சிகினு கீறேன், அவுரு உள்ள இருந்து தலைய தூக்கி பாத்து, ‘அடியேய், எரிக்கப்போற கட்டைய இன்னாத்துக்குடி குளிப்பாட்டற’ன்னாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ‘உன்ன குளிப்பாட்டற கட்ட, அது மொதல்ல குளிக்கட்டும்’னேன். பெரிய அறிவாளி மாரி. சொல்லிட்டு நானே சிரிச்சேன் வேற. அன்னிக்கி சாயங்காலமும் சொன்னாரு. ‘படுத்துகினு கீற ஆளுக்கு அடுப்ப பத்தி இன்னா தெரியும்’னேன். மூணாம் நாளு அவுரு சொல்லல. எரிக்கற பொகையில இருமிகினே என்ன பாத்தாரு, அவ்ளோ தான். நாலாம் நாளு துண்டு.

அப்ப அவுரு பொகைக்கு போவல கண்ணு. ரெண்டு வாட்டி சொல்லி நான் காதுல போட்டுக்கல இல்ல, அதுக்கு போய்க்கீறாரு. பொகை நின்னா சொல்லி அனுப்புன்னா... நான் நிறுத்தினா சொல்லி அனுப்புன்னு அர்த்தம்.

வெந்நியாம், பொத்தானாம். பாவம் அன்புக்கரசி. அவுரு வெந்நிக்கு தான் வந்தாருன்னு அவளும் என்ன மாரியே ஏமாந்துட்டா.

சரி, அய மாட்டேன். அய்து இன்னா ஆவப்போவுது, அந்த தண்ணியும் கட்ட மேல வியும். நீ சொல்லு, இப்ப இன்னா பண்றது. அந்த விறகு போச்சா?... போவலியா? ரெண்டா பொளந்து, மொட்ட மாடியில வெயில்ல பரப்பி... எத்தினி நாளு? பத்து பன்னண்டு நாளா? பொங்கலுக்கு ஆயிடும். இன்னிக்கி? இன்னிக்கி சாயங்காலத்துக்கு? ... அந்த மூலையில கீறதா? குடு, தட்டி பாக்கறேன். டணார்ங்குது. உங்க விறகு எப்பவும் நல்ல விறகு தான் கண்ணு. நான் தான்... சரி சரி. பன்னண்டு நாளைக்கி ஆவற மாரி ஏத்து. யாரு ஏத்தறது? தீனாவா? வெளிய வண்டியாண்ட நிக்கறது அவுரா? ஐய, இங்கியே நின்னு கேட்டுகினா இருந்தாரு? தீனா! தம்பி! இப்டி வா... வர மாட்டேன்றாரு பாரு. சரி அங்கியே நில்லு. நேத்து தெருவுல சொன்னது... நீ எதையும் மாத்தல. நான் தான் மாத்தினேன், தண்ணி ஊத்தி. உன்ன கத்தின அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல சொல்லிடறேன், போதுமா? ... ரெண்டு வாட்டி தான கத்தினேன், மூணு வாட்டி சொல்லணுமா? சரி, மூணு.

இரு, அவுருக்கு போன் பண்ணிடறேன். மணி இன்னா? மூணரையா? கட்டில் கடைக்கு போய்ட்டிருப்பாங்களோ... எங்க கீது பேரு... எயுத்து பொடியா கீது, நீ அமுக்கு. ‘வூட்டுக்காரு’ன்னு போட்டிருக்கும் பாரு. அன்பு மேல கை வெக்காத, அது நாத்தனா.

அல்லோ... நாந்தான்... இன்னா நாந்தான்னா, உன் பொண்டாட்டி! எங்க கீற? ... கடையிலயா? எறக்கிட்டாங்களா கட்டில? ... இன்னும் பாத்துகினு தான் கீறீங்களா? சரி, பாருங்க, பொறுமையா பாருங்க... இல்லய்யா, வெந்நி இன்னும் போடல. பொகையா? இல்ல, அடுப்பே மூட்டல. நான் தொட்டியில கீறேன்... சண்டயெல்லாம் போடல! அண்ணாச்சி ஊர்ல இல்ல... சொல்றத கேளு. வெச்சிடாத. விறகுல ஒரு கொறையும் இல்ல. தீனாகிட்டயும் கொற இல்ல. அது... நீ அன்னிக்கி ஒண்ணு சொன்ன இல்ல? கட்டைய பத்தி... அதான், அந்த குளிப்பாட்டறது... ஆமாய்யா. அது சரி தான். நீ சொன்னது தான் சரி. ... அல்லோ? கேக்குதா? ... கேட்டுடுச்சில்ல, இன்னொரு வாட்டி ஏன் சொல்ல சொல்ற! நீ சொன்னது சரி, நான் கேட்டிருக்கணும். போதுமா?

சிரிக்காதய்யா. இடுப்பு புடிச்சிக்கும். சிரிக்காதன்றேன்ல... ஹெப்சிபா, சிரிக்கறாரும்மே, அஞ்சி நாளா மூச்சி வுடல மனுசன்... இரு, அது யாரு கூட சிரிக்கறது? பொம்பள சத்தம்! ஸ்பீக்கர்ல போட்டுகீறியா? அன்புக்கரசி கேட்டுகினா கீறா? கட்டில் கடைக்காரனுமா! நல்லா இருங்க எல்லாரும். ஊருக்கே மைக் வெச்சி சொல்லு...

வரியா? ... இன்னிக்கேவா? ... மெட்ரோல வோணாம், படி ஏறணும், ஆட்டோவுல வா. ... ஆங்? இன்னா கண்டிசனு? ... ஓசா? பச்ச ஓசா? அத்த எதுக்குய்யா... அது நல்ல ஓசு, பதினஞ்சி மீட்டரு, ஒரு ஓட்ட இல்ல... நான் கட்டைய கயுவ மாட்டேன்னு சொல்லிட்டேன்ல... செருப்பு கயுவலாமில்ல? ... சிலிண்டரு? ... சரி. சரிய்யா. நீ வரும்போது ஓசு வூட்ல இருக்காது. சத்தியமா. நீ வா.

வெச்சிட்டாரு.

வராரு கண்ணு. ஆறு மணிக்குள்ள வந்துடுவேன்னாரு. தீனா தம்பி, ஏத்திட்டியா? சீக்கிரம் போலாம், அண்டாவ வெக்கணும். நானும் வண்டியிலயே குந்திக்கறேன், கட்ட மேல. தூசியா? கெடக்கட்டும். தூசி மேல தான் குந்தணும்னு எழுதி கீது போல.

ஹெப்சிபா, ஒரே ஒரு விசயம். தீனா திரும்பி வரும்போது அவுருகிட்ட ஒண்ணு குடுத்து அனுப்பறேன், சுருட்டி, கோணியில கட்டி. நீ அத்த தொட்டியில உள்ள ஒரு மூலையில வெச்சிக்கோ. யாருகிட்டயும் சொல்லாத. நாப்பத்தெட்டு நாளு தான். வெயில் படாத எடமா பாத்து வையி, வெயில் பட்டா வெடிச்சிடும். அப்பறம்... நீ ஒண்ணும் தப்பா நெனைக்காத... எடுத்து வெக்கறதுக்கு மின்னாடி அந்த மூலைய மட்டும் ஒரு வாட்டி பெருக்கிடு.